செப்டிக் டேங்கை வைத்துக்கொள்வதா, யுஜிடி இணைப்பு எடுப்பதா? பெங்களூரின் விரிவாக்கப் பகுதி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

2007ஆம் ஆண்டு 7 நகரசபைகளும் கெங்கேரி புரசபையும் 110 கிராமங்களும் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது, நகரத்தின் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. தரைக்கு மேலே வீடுகளும் கடைகளும் வேகமாக நிறைந்தன. தரைக்குக் கீழே ஓடவேண்டிய குழாய்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் தலைமுறையாக வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களில் பல, சேமிப்பைத் திரட்டி கே.ஆர். புரம், மகாதேவபுரா, பொம்மனஹள்ளி பக்கம் 30க்கு 40 மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டன. யுஜிடி எனப்படும் பாதாளச் சாக்கடை அங்கே எட்டியிராத தெருக்களில், கார் நிற்கும் இடத்துக்கு அடியில் ஒரு செப்டிக் டேங்கைக் கட்டிக் காலத்தை ஓட்டின.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் நீரை, முக்கியமாக அந்த 110 கிராமங்களுக்கென்றே கொண்டுவரும் திட்டம் அது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பெரும் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படும் அந்த நீரில் பெரும்பகுதி மறுநாளே கழிவுநீராக வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். டேங்கர் லாரி தண்ணீரை அளந்து செலவழித்த காலத்தில் எப்படியோ தாக்குப்பிடித்த டேங்குகள், குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதும் நிரம்பி வழிவதைப் பல தெருக்களில் காண முடிகிறது. எனவே தெருவில் யுஜிடி குழாய் பதிக்கப்பட்ட இடங்களில், உடனே இணைப்பு எடுப்பதா, இருக்கும் டேங்கையே தொடர்வதா என்ற கேள்வி எழுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருக்குழாய் உண்மையிலேயே ஓட்டத்தில் இருந்து, உங்கள் வீட்டின் மட்டமும் அதற்கு இசைந்தால், தயங்காமல் இணைப்பு எடுத்துவிடுங்கள். இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும், டேங்கை முறையாகப் பராமரித்துக் காத்திருப்பதே மேல். செலவைவிட இந்த இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

செப்டிக் டேங்க் உண்மையில் என்ன செய்கிறது

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தப்படுத்துகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது அதைவிட மிகக் குறைவான வேலை. கழிவுநீர் ஒன்று முதல் இரண்டு நாள் வரை அசையாமல் தங்கும்போது கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன, இடையிலுள்ள ஓரளவு தெளிந்த நீர் வெளியேறுகிறது. காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் கசட்டின் ஒரு பகுதியைச் செரிக்கின்றன. வெளியேறும் நீரில் கரிமக் கழிவு அதிகபட்சம் பாதியளவுதான் குறைந்திருக்கும். நோய்க்கிருமிகள் ஏராளமாக உயிரோடிருக்கும். அந்த நீரை மண் வடிகட்டுவதற்காகத்தான் டேங்குக்கு அடுத்து உறிஞ்சுகுழி அமைக்கப்படுகிறது. ஆகவே டேங்கும் உறிஞ்சுகுழியும் சேர்ந்துதான் ஒரு முழு அமைப்பு ஆகும்.

நம் பகுதிகளில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் கணிசமானவை டேங்கே அல்ல. சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழிகள் அவை. வருடக்கணக்கில் கழிவை உறிஞ்சும் லாரியே கூப்பிட்டதில்லை என்று ஒரு வீட்டுக்காரர் பெருமைப்பட்டால், அவர் வீட்டுக் கழிவு நேராக நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

சரியாகக் கட்டப்பட்ட டேங்குக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2470, 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் என்ற அளவைத் தருகிறது. அதன் கொள்ளளவு 1,125 லிட்டர். இப்போது பெங்களூரின் வழக்கமான கதையை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் உரிமையாளர் குடும்பம் குடியேறுகிறது, சில ஆண்டுகளில் முதல் மாடி எழும்புகிறது, பிறகு இரண்டாம் மாடியும் எழுந்து வாடகைக்கு விடப்படுகிறது. வீட்டில் 15 பேர் ஆகிவிடுகிறார்கள். டேங்க் மட்டும் அதே டேங்க். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்று கொண்டால், எல்லாக் கழிவுநீரும் டேங்குக்கே போகும் வீட்டில் நாளொன்றுக்கு 1,620 லிட்டர் சேரும். 1,125 லிட்டர் டேங்கில் அது 17 மணி நேரம்கூடத் தங்காது. மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கசடு பிடித்துக்கொண்டால் 11 மணி நேரம்தான். படிய நேரமில்லாத கசடு உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பிறகு எத்தனை லாரி வந்து உறிஞ்சினாலும் குழி பழைய நிலைக்குத் திரும்பாது. "முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, இப்போது மாதத்துக்கு ஒருமுறை" என்று சொல்லும் வீடுகளில் நடந்திருப்பது இதுதான்.

30க்கு 40 மனையில் ஓர் எளிய கணக்கு

அதே தர நிர்ணயம், உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது. 30 அடிக்கு 40 அடி மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தால் சரியாக 50 அடி, அதாவது 15 மீட்டரைச் சற்றே தாண்டும். உறிஞ்சுகுழியை ஒரு கோடியிலும் போர்வெல்லை மறுகோடியிலும் வைத்தாலும் அந்த 18 மீட்டர் கிடைக்காது. உங்கள் குழிக்கும் அடுத்த வீட்டுப் போர்வெல்லுக்கும் இடையில் ஒரு சுற்றுச்சுவர்தான் நிற்கும். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் வரிசை வீடுகளில், ஒருவர் வீட்டுக் கழிவும் இன்னொருவர் வீட்டுக் குடிநீரும் ஒரே மண்ணைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

பெங்களூரின் அடிநிலம் கருங்கல். மேலே செம்மண்ணும் சிதைந்த பாறையும், கீழே வெடிப்புகள் ஓடும் கடும்பாறையும் இருக்கின்றன. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெதுவாக, பரவலாகக் கசியும்போது வடிகட்டப்படுகிறது. பாறை வெடிப்பில் அது வடிகட்டப்படாமலேயே நெடுந்தூரம் ஓடிவிடக்கூடும். கழிவுநீரிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐஎஸ் 10500 தரும் வரம்பு. நிறமும் மணமும் இல்லாத அந்த நைட்ரேட்டைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குலைக்கிறது. போர்வெல் நீரைப் புழங்கும் ஒவ்வொரு குடும்பமும், இணைப்பு எடுக்கிறார்களோ இல்லையோ, ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரைச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நகரக் குழாய்க்கு ஆதரவாக நான் வைக்கும் காரணங்களில் இதுவே முதலாவது. 2024 கோடையில் இந்நகரத்தின் போர்வெல்கள் ஆயிரக்கணக்கில் வற்றியதைப் பார்த்தோம். எஞ்சியிருக்கும் நிலத்தடி நீரையாவது கெடுக்காமல் வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

லாரிக்குப் பின்னால் இருப்பவர்கள்

டேங்கைத் தொடர்வது என்றால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசட்டை எடுத்தாக வேண்டும். லாரியின் குழாய் நீரையும் இளகிய கசட்டையும் உறிஞ்சிவிடும். பல ஆண்டு விட்டுவைத்து அடியில் இறுகிப்போனதை அதனால் எடுக்க முடியாது. அந்த நேரத்தில்தான், ஓர் ஆளை உள்ளே இறக்கினால் வேலை முடிந்துவிடும் என்ற பேச்சு எழுகிறது.

அந்தப் பேச்சுக்கு எந்நிலையிலும் இடம் தரக்கூடாது. டேங்குக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் திறனையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் சில நொடிகளில் மயங்குகிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குகிறார். ஒரே டேங்கில் இருவரும் மூவரும் சேர்ந்து இறக்கும் செய்திகளுக்குக் காரணம் இதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முதல் மீறலுக்கே 2 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இத்தகைய மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வேலைக்கு வைத்தவர் யாராக இருந்தாலும் சட்டம் பொருந்தும், வீட்டுக்காரருக்கு விலக்கில்லை. இந்த வேலைக்குத் தள்ளப்படுபவர்கள் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் பிறந்து, 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன் தம் வாழ்நாள் முழுவதும் போராடிவருவது இந்தக் கொடுமைக்கு எதிராகத்தான்.

நகரக் குழாய்களிலும் இதே கொடுமை நடந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனாலும் தெருக்குழாயின் அடைப்பை எடுப்பது ஒரு பொது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு இயந்திரங்கள் உண்டு, அதைக் கேள்வி கேட்க வழியும் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கடியிலும் ஒரு நச்சுக்குழி இருக்கும் ஊரில், ஒவ்வொரு வீட்டுக்காரரின் மனச்சாட்சியை மட்டுமே நம்பவேண்டியிருக்கிறது.

லாரி எடுத்துப்போகும் கசடு எங்கே கொட்டப்படுகிறது என்பதும் நம் பொறுப்பே. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015இல் தொடங்கிய மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம், கசட்டை உலர்த்தி எருவாக்கி நிலத்துக்குத் திருப்பும் வழியைக் காட்டியது. எல்லா லாரிகளும் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில்லை. இருட்டியபின் காலி மனையிலோ கால்வாயிலோ கொட்டிவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு. டேங்கைத் தொடர முடிவு செய்பவர், எங்கே கொட்டுவீர்கள் என்று லாரிக்காரரிடம் கேட்டுத் தெளிவான பதில் பெற்ற பிறகே வேலையைக் கொடுக்க வேண்டும்.

யுஜிடி: குழாய் இருக்கிறது என்பதும் ஓடுகிறது என்பதும்

பெங்களூர் ஒரு மேட்டு முதுகின்மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். விருஷபாவதி, கோரமங்களா–செல்லகட்டா, ஹெப்பாள் என்னும் மூன்று பள்ளத்தாக்குகளை நோக்கி அதன் நீர் வடிகிறது. கழிவுநீர்க் குழாய்களும் பெரும்பாலும் அந்தச் சரிவையே பின்பற்றுகின்றன. வாட்டர் போர்டு என்று நாமும் ஜலமண்டலி என்று கன்னடத்தவரும் அழைக்கும் வாரியம், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்து இந்தக் குழாய்களைப் பராமரிக்கிறது. தெருக்குழாய் துணைக்குழாயிலும், துணைக்குழாய் பள்ளத்தாக்கின் பெருங்குழாயிலும், பெருங்குழாய் சுத்திகரிப்பு நிலையத்திலும் சேரவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் உங்கள் தெருவிலுள்ள குழாய் வெறும் நீண்ட தொட்டிதான். பெருங்குழாயைக் கொண்டுசெல்ல நிலம் கிடைக்காமல் நின்றுபோன இடங்களில், தெருக்குழாய்களின் கழிவு, ராஜகாலுவே எனப்படும் அருகிலுள்ள பெரிய மழைநீர்க் கால்வாயில் விழுவதும் நடக்கிறது.

எனவே விண்ணப்பத்துக்கு முன்பு, மேன்ஹோல் மூடி பதித்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. வாரியத்தின் துணைப்பிரிவு அலுவலகத்துக்குப் போய், இந்தத் தெருக்குழாய் ஓட்டத்துக்கு விடப்பட்டுவிட்டதா, இது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். வாரிய ஊழியர் மேன்ஹோலைத் திறக்கும்போது, நின்று பாருங்கள்: அடியில் ஒரு கோடாக நீர் ஓடிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி, கழுத்துவரை நீர் தேங்கி நின்றால் கீழே எங்கோ அடைப்பு இருக்கிறது அல்லது இணைப்பே இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது. 1916 என்ற உதவி எண்ணில் பதிவாகும் புகாருக்கு ஒரு எண் கிடைக்கும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால் பிறகு பேசுவது எளிது.

அடுத்தது மட்டம். இணைப்பு எடுத்தபின் வருந்தும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் தவறு இங்கேதான் நேர்ந்திருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கழிவுநீர் பம்பு இல்லாமல் தானே ஓடவேண்டும். அதற்கு மேஸ்திரிகள் சொல்லும் வாட்டம் வேண்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடி நீளத்தில் ஓர் அடி இறக்கம் என்பது பாதுகாப்பான கணக்கு. வீட்டின் பின்பக்கக் கழிப்பறையில் குழாய் ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கி, மேன்ஹோல்வரை 60 அடி ஓடினால், அங்கே இரண்டரை அடி ஆழத்தில் போய்ச் சேரும். மேன்ஹோலின் உள்ளே தெருக்குழாயின் அடிமட்டம் அதைவிட ஆழத்தில் இருந்தால் வேலை சுலபம். ஆனால் இந்த ஆழங்களைத் தெருவின் இன்றைய உயரத்திலிருந்து அளந்தால் போதாது. நீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, வீட்டுத் தரையையும் மேன்ஹோலின் அடிமட்டத்தையும் ஒரே குறியிலிருந்து அளக்க வேண்டும்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் புதுத் தார் போட்டதால், பெங்களூரின் பல தெருக்கள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. வாசலில் இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகவேண்டிய நிலை வந்துவிட்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. தெருக்குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் மேலேறி, தன் பாதையில் எந்தத் திறப்பு மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியேறும். உங்கள் குளியலறைத் தரை மேன்ஹோல் மூடியைவிட உயரமாக இருந்தால் கழிவு தெருவில் வழியும். தாழ்வாக இருந்தால் தெருவில் ஒரு துளிகூட வழிவதற்கு முன்பே உங்கள் குளியலறையில் பொங்கும். மேல்தெருக்களின் கழிவு முழுவதும் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் நிலை அது.

அத்தகைய வீடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. நீர் எதிர்த்து ஏறாமல் தடுக்கும் வால்வை வெளிச் சேம்பரில், அதாவது வீட்டுக்கு வெளியே குழாயைத் திறந்து பார்க்கக் கட்டும் சிறு தொட்டியில், பொருத்தலாம். ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு நீரும் வெளியே போகாது, கசடு சிக்கினால் வால்வு மூடாமலும் போகும், எனவே அவ்வப்போது திறந்து கழுவவேண்டும். மற்றது, தரைத்தளக் கழிவை மட்டும் ஒரு சிறு தொட்டியில் சேர்த்து, கழிவை நறுக்கித் தள்ளும் கட்டர் பம்பால் ஏற்றுவது. மின்வெட்டின்போது அது நின்றுவிடும். இவ்விரண்டையும் ஏற்கத் தயாராக இல்லாதவர்கள், தெருவின் மட்டம் சரிசெய்யப்படும்வரை டேங்கோடு இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மேல்மாடிகளின் கழிவை மட்டும் நேரே தெருக்குழாயில் சேர்த்து, தரைத்தளத்தை டேங்கிலேயே விடுவது ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு. டேங்கின் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வெளிச் சேம்பருக்கும் தரைத்தளக் கழிப்பறைக்கும் தொடர்பே இல்லாததால் எதிரேற்றமும் வராது.

செலவு

இணைப்பு எடுக்க, வாரியத்துக்குக் கட்டும் கட்டணம், தெருவை வெட்ட மாநகராட்சி அனுமதிக்கும் சீரமைப்புக்கும் ஆகும் தொகை, உரிமம் பெற்ற பிளம்பரின் கூலி, குழாயும் சேம்பரும், வீட்டுக்குள் தரையை உடைத்து மீண்டும் போடும் செலவு, பழைய டேங்கை மூடும் செலவு என்று பல தலைப்புகள் உண்டு. கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறுவதால் எழுத்துமூலமாக மதிப்பீடு வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் வாரியத்துக்குச் செலுத்தும் தொகையைவிட வீட்டுக்குள் தரையை உடைத்துப் போடும் செலவுதான் எதிர்பாராத அடியாக வரும். டைல்ஸ் பதித்த வீடுகளில் குழாயைப் பக்கவாட்டுச் சந்து வழியே கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள். இணைப்புக்குப் பின் மாதத் தண்ணீர்க் கட்டணத்தோடு கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்து வரும். போர்வெல் வைத்திருப்பவரும் அதற்குத் தனியே செலுத்த வேண்டும்.

டேங்குப் பக்கம், சரியான அளவுள்ள டேங்கில் நான்கைந்து பேர் வாழ்ந்தால் செலவு உண்மையிலேயே குறைவு; சில ஆண்டுக்கு ஒரு லாரி, அவ்வளவுதான். பணக் கணக்கை மட்டும் வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு யுஜிடி எந்நாளும் லாபமாகாது. வாடகைக் குடித்தனங்களோடு அடிக்கடி லாரி கூப்பிடும் வீட்டுக்கோ கணக்கு தலைகீழாகிவிடும். சில ஆண்டுகளிலேயே இணைப்புச் செலவு திரும்பிவிடக்கூடும். டேங்கர் தண்ணீருக்கும் கழிவு லாரிக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு போகிறது என்று ஓராண்டு ரசீதுகளைக் கூட்டிப்பார்த்தால் தெளிவு பிறக்கும்.

மூன்றாவதாக, பயோ டைஜஸ்டர் தொட்டிகளை விற்பவர்கள் வாசலுக்கே வருகிறார்கள். ராணுவ ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய தொழில்நுட்பத்தை ஒட்டியவை அவற்றில் சில. கசடு குறைவாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் வெளியேறும் நீரை எங்காவது விட்டாக வேண்டும் என்ற சிக்கல் அப்படியே நிற்கிறது. 18 மீட்டர் இடைவெளிக்கு இடமில்லாத மனையில் அதுவும் தீர்வாகாது. தோட்டமும் தென்னையும் வைக்க இடமுள்ள பெரிய மனைகளுக்கு யோசிக்கலாம்.

கால்வாயில் விடுவது என்னும் வழி

டேங்கிலிருந்து வழியும் நீரை ஒரு குழாய் போட்டு வாசலிலுள்ள மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. செலவே இல்லாத இந்த வழியை நான் தேர்வுகளில் ஒன்றாகக் கணக்கிடவில்லை. அதற்கான காரணத்தைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கால்வாய் ராஜகாலுவேயில் சேர்கிறது, கிழக்குப் பகுதியின் பெரும்பகுதியில் ராஜகாலுவே பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் போகிறது. 2015இலும் 2017இலும் 2018இலும் நுரையோடும் புகையோடும் எரிந்து உலகச் செய்தியான ஏரி பெல்லந்தூர். அந்த ஏரிகளிலிருந்து வழிவது தென்பெண்ணையில் கலந்து, எல்லை கடந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையின் மதகுகளில் மலைபோல் நுரை எழும்பும் படங்களை ஆண்டுதோறும் செய்திகளில் பார்க்கிறோம். அந்த நீரை நம்பி நெல்லும் காய்கறியும் பயிரிடுபவர்கள் நம் உறவினர்களாகக்கூட இருக்கலாம். மேற்குப் பக்கத்து விருஷபாவதியோ அர்க்காவதி வழியாகக் காவிரியிலேயே போய்ச் சேர்கிறது. தொழிற்சாலைக் கழிவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டென்றாலும், வீட்டுக் கழிவின் பங்கை நாம் மறுக்க முடியாது.

முறையான குழாய் வழியே போகும் கழிவுநீரின் கதை வேறு. கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018 முதல் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு ஏற்றி அனுப்பப்படுகிறது. அந்த நீர் இன்னும் ஒருபடி கூடுதலாகச் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சுத்திகரிப்பு நிலையத்தை எட்டும் நீரைப் பற்றித்தான் அப்படிக் கோரிக்கை வைக்கவே முடியும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிடும் வீடுகள் செய்யும் கேடு சிறிதல்ல. ஒரு தெருவில் பத்து வீடுகள் அப்படிச் செய்தால், ஒரு பெருமழையில் மேன்ஹோல்கள் பொங்கித் தாழ்வான வீடுகள் மூழ்கும். 1,200 சதுர அடியும் அதற்கு மேலுமுள்ள மனைகளில் கட்டப்படும் புது வீடுகளுக்கு மழைநீர்ச் சேகரிப்பு இந்நகரத்தில் கட்டாயம். அந்த நீரைத் தொட்டியிலோ, நிலத்துக்குள் இறக்கும் தனிக் குழியிலோ விடுங்கள்.

இணைப்பு எடுக்க முடிவு செய்தால்

வேலை தொடங்கும் நாளில் பெரும்பாலான ஒப்பந்தக்காரர்கள் ஒரு சுலப வழி சொல்வார்கள்: "சார், டேங்கை எதுக்கு உடைக்கணும்? அதோட வாயிலேயே குழாயைச் சேர்த்துட்டா அரை நாள்ல வேலை முடிஞ்சிரும்." கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை ஏற்கக்கூடாது. டேங்க் நடுவில் இருக்கும்வரை கசடு சேர்ந்துகொண்டே இருக்கும், லாரியும் வந்துகொண்டே இருக்கும். காற்றில்லாமல் தங்கிய நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சேம்பரின் சிமெண்டை அரிக்கும். போதிய காற்றுக்குழாய் இல்லாவிட்டால் நாற்றம் வீட்டுக்குள் வரும். டேங்குக்குள் நுழையும் உயரத்துக்கும் வெளியேறும் உயரத்துக்கும் இடையில் வாட்டமும் கொஞ்சம் பறிபோகும். டேங்கைச் சுற்றிக்கொண்டு புதுக்குழாய் நேரே வெளிச் சேம்பருக்குப் போகவேண்டும். அங்கே நாற்றமும் எலியும் வராமல் தடுக்கும் டிராப்பும், மொட்டைமாடிக்கு மேலே உயரும் காற்றுக்குழாயும் இருக்க வேண்டும். சமையலறைக் குழாயில் எண்ணெயைப் பிடிக்கும் சிறு சேம்பர் ஒன்றைத் தனியே வைத்தால் அடைப்புகள் வெகுவாகக் குறையும்.

குழாயை மேன்ஹோல் முனையிலிருந்து வீட்டை நோக்கிப் பதித்துவரச் சொல்லுங்கள். அப்போதுதான் வாட்டம் பிசகாது. மூடுவதற்கு முன் நீர் ஊற்றிச் சோதித்து, வளைவுகளின் இடங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காத்தா எனப்படும் மாநகராட்சிச் சொத்துப்பதிவின் நகல், வரி ரசீது முதலிய ஆவணங்களில் பெயர் வேறுபாடு இருந்தால் அதைச் சரிசெய்வதற்கே காலம் பிடிக்கும் என்பதால், குழாய் வாங்குவதற்கு முன்பே துணைப்பிரிவு அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துவிடுவது நல்லது.

புதுக்குழாய் ஓடத் தொடங்கிய பிறகு பழைய டேங்கைக் கடைசி முறையாக லாரி வைத்து முழுவதும் உறிஞ்ச வேண்டும். உள்ளே கசடோடு மூடிவிட்டால் வாயு சேரும். மேலே கார் நிற்கும் இடமென்றால் ஒருநாள் மூடி உள்வாங்கும். மேல்பலகை முழுவதையும் இயந்திரத்தால் நீக்கித் திறந்துபோட்டு, கழுவிய நீரையும் உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு தூவி, அடித்தளத்தை மேலிருந்தபடியே பிரேக்கரால் துளைத்து, ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ஆள் உள்ளே இறங்கக்கூடாது. அதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டேங்கை மழைநீர்த் தொட்டியாக மாற்றலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மலக்கழிவு ஊறிய சிமெண்டில் சேரும் நீர், தோட்டத்துக்கு என்று தொடங்கி, ஒரு கோடைப் பஞ்சத்தில் பாத்திரம் கழுவவும் வந்துவிடும்.

தெருக்குழாய் இன்னும் ஓட்டத்துக்கு வராத இடங்களில் தனித்தனி வீடாக அலுவலகத்துக்கு நடப்பதால் பயன் குறைவு. எந்தெந்த மேன்ஹோலுக்கு இடையில் இணைப்பு விடுபட்டிருக்கிறது என்று தெருவின் படத்தை வரைந்து, எல்லா வீட்டாரும், தமிழர் கன்னடர் தெலுங்கர் என்ற வேறுபாடின்றிக் கையெழுத்திட்டு, கன்னடத்தில் எழுதிய மனுவாகக் கொடுங்கள். அதுவரை டேங்கில் எத்தனை பேர் சுமை, கடைசியாக எப்போது கசடு எடுத்தோம் என்பதைக் குறித்துவைத்து, 2 ஆண்டு தாண்டுமுன் லாரியை அழையுங்கள். இன்னொரு மாடி எழுப்பும் எண்ணத்தை இணைப்பு கிடைத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.